அப்பாவின் கொடுப்பில் ஆறாத புண்

கேள்வி: எங்களுக்கு ஏற்காடு பக்கம். அப்பாவுக்கு வயது 57, காப்பித் தோட்டத்தில் வேலை. இருபது வயதிலிருந்து வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை போடுகிறார். ராத்திரி படுக்கும்போதும் இடது கொடுப்பில் அதக்கிக்கொண்டுதான் தூங்குவார். இரண்டு மாதமாக அதே இடத்தில் ஒரு புண். சுற்றிலும் வெள்ளையாக இருக்கிறது, வலி இல்லை என்கிறார். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் தடவ ஜெல்லும் வாங்கிப் பார்த்தோம், ஆறவில்லை. வாயும் முன்போலத் திறக்கவில்லை. சதை எடுத்துச் சோதிக்கணும் என்று ஒரு டாக்டர் சொன்னார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள். இது புற்றுநோய்தானா? அப்படியானால் எத்தனை வருடம் இருப்பார்? சேலத்தில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் என் தம்பிக்கு 22 வயது. அவன் ஹான்ஸ் புகையிலை போடுகிறான். "இதில் பாக்கு இல்லை, ஒன்றும் செய்யாது" என்கிறான். அது உண்மையா?
— வாசகி, ஏற்காடு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு மாதம் ஆறாத புண், அதில் வலி இல்லை, புகையிலை அதக்கும் அதே இடம், குறைந்துவரும் வாய்த் திறப்பு. இந்த நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் சதைத் துண்டு எடுத்துப் பார்க்காமல் விடக் கூடாது. புற்றுநோய்தான் என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆனால் இந்த வாரமே பயாப்ஸி செய்யுங்கள் என்று தயங்காமல் சொல்ல முடியும். நீங்கள் கேட்ட "எத்தனை வருடம்" என்ற கேள்விக்குப் பதில் அந்தச் சதைத் துண்டிலும், அதற்குப் பிறகு எடுக்கும் ஸ்கேனிலும்தான் இருக்கிறது.

முதலில் சொந்தக்காரர்களின் பயத்தைப் பார்ப்போம். பயாப்ஸி செய்ததால் வாய்ப் புற்றுநோய் பரவாது. பிறகு ஏன் ஊரெல்லாம் அப்படிச் சொல்கிறார்கள்? ரிப்போர்ட் வந்த பிறகும் பயந்துபோய் இரண்டு மூன்று மாதம் நாட்டு மருந்து, வேண்டுதல் என்று தள்ளிப்போடுகிறார்கள். அதற்குள் கட்டி தன் போக்கில் வளர்கிறது. பழி கத்தியின் மேல் விழுகிறது. செய்யும் வேலை இவ்வளவுதான்: பல் பிடுங்கும்போது போடுவதுபோல மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணின் ஓரத்தில் ஒரு அரிசி அளவுக்குச் சதை எடுப்பார்கள். தேவைப்பட்டால் ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். புண்ணின் நடுவிலிருந்து எடுத்தால் அங்கே செத்த திசு மட்டுமே கிடைக்கும், முடிவு குழப்பமாக வரும். அதனால் நல்ல சதையும் கெட்ட சதையும் சேரும் ஓரத்தில் எடுப்பதுதான் முறை. பட்டினியாகப் போக வேண்டாம், சாப்பிட்டுவிட்டே போங்கள். அப்பா இதயத்துக்கோ பக்கவாதத்துக்கோ ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் அந்தச் சீட்டைக் காட்டுங்கள். நீங்களாக அதை நிறுத்த வேண்டாம்.

ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள். ரிப்போர்ட்டில் "புற்று இல்லை" என்று வந்து, புண் மட்டும் அப்படியே ஆறாமல் இருந்தால், அதோடு விட்டுவிடக் கூடாது. இன்னொரு இடத்தில் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். எடுத்த இடம் தப்பியிருக்கலாம். "டிஸ்பிளேசியா" என்று வந்தால் செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன, இன்னும் புற்றாகவில்லை என்று பொருள். அதில் லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று மூன்று நிலை உண்டு. கடுமையானதை அப்படியே வைத்திருக்க மாட்டார்கள், அந்தத் திட்டையே வெட்டி எடுக்கச் சொல்வார்கள். "ஸ்குவாமஸ் செல் கார்சினோமா" என்று இருந்தால் அதுதான் புற்றுநோய். வாயில் வருவதில் மிகப் பெரும்பாலானது இந்த வகை.

வீட்டிலேயே ஒருமுறை பார்த்துவிட்டுப் போனால் டாக்டரிடம் சரியாகச் சொல்லலாம். பகல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, வாய் கொப்பளிக்கச் சொல்லி, செல்போன் டார்ச்சை அடித்து, ஸ்பூன் காம்பால் கன்னத்தை வெளிப்பக்கம் இழுத்துப் பாருங்கள். கன்னமும் கீழ் ஈறும் சேரும் அந்தப் பள்ளம்தான் நம் ஊர்ப் புகையிலைக்காரர்களுக்குப் புற்று வரும் முக்கியமான இடம். மணிக்கணக்கில் சாறு தேங்குவது அங்கேதான். கையைக் கழுவிவிட்டு விரலால் தொட்டுப் பாருங்கள். வாய்ப்புண் என்று நாம் சொல்லும் சாதாரணப் புண் மெத்தென்று இருக்கும், தொட்டால் எரியும், பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் ஆறிவிடும். புற்றுப் புண்ணின் ஓரம் தடித்து, அடி கெட்டியாக விரலில் தட்டுப்படும். ஆரம்பத்தில் வலிக்காது. வலியில்லாததால்தான் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள். வெள்ளைத் திட்டின் நடுவே வெல்வெட் துணிபோலச் சிவந்த பகுதி இருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். வெறும் வெள்ளையைவிடச் சிவப்புத் திட்டு ஆபத்தானது. அப்படியே தாடைக்குக் கீழும் கழுத்தின் பக்கவாட்டிலும் தடவிப் பாருங்கள். வலியில்லாத கெட்டியான நெறி தட்டுப்பட்டால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்துக் கடைவாய்ப்பல் காரணமில்லாமல் ஆடுகிறதா, கீழுதடு அல்லது மோவாய் மரத்துப்போகிறதா, அதே பக்கத்துக் காது வலிக்கிறதா என்றும் கேளுங்கள். உதடு மரத்தால் தாடை எலும்புக்குள் ஓடும் நரம்புவரை நோய் போயிருக்கலாம். ஆடுகிறதே என்று அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டு வருபவர்கள் உண்டு. பல் பிடுங்கிய குழி மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும்.

வாய்த் திறப்பைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அப்பா தன்னுடைய ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே வைக்க முடிய வேண்டும். இரண்டுதான் நுழைகிறது என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். கொட்டைப்பாக்கில் இருக்கும் அரிக்கோலின் என்ற பொருள், கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நார்த்திசுவைக் கட்டிக்கட்டிப் போட்டு, ரப்பர் போல இருக்க வேண்டிய சதையைத் தோல்வார் போல இறுக்கிவிடும். இது வருடக்கணக்கில் மெல்ல நடக்கும். உள்தோல் வெளுத்துச் சலவைக்கல் மாதிரி தெரியும், காரம் பட்டால் நெருப்பாக எரியும், விரலால் தடவினால் கயிறு கயிறாக நிற்கும். இதற்கு வாய் நார்த்தசை இறுக்கம் என்று பெயர். இப்படி இறுகிய வாய் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்குப் பின்னாளில் புற்றாக மாறுவதாக நீண்டகாலக் கண்காணிப்பில் தெரிந்திருக்கிறது. இன்னொரு காரணம், புற்று கன்னத்தைத் தாண்டி மெல்லும் தசைக்குள் இறங்கிவிடுவது. அப்போது வாய் சில வாரங்களிலேயே பூட்டிக்கொள்ளும். ஆகவே எப்போதிலிருந்து இரண்டு விரல் என்று அப்பாவைத் துருவிக் கேளுங்கள். ஐந்து வருடமாகவா, இந்த இரண்டு மாதத்திலா? சிகிச்சையும் பலனும் இதில் நிறைய மாறும். இறுக்கத்துக்கு ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, சில நாளுக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போகும் பயிற்சி உண்டு. பயாப்ஸி முடிவு தெரியும்வரை அதைத் தொடங்க வேண்டாம்.

ஏன் இவருக்கு ஆபத்து அதிகம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புகையிலையைக் காயவைத்துப் பதப்படுத்தும்போது உண்டாகும் நைட்ரோசமைன்கள் என்ற ரசாயனங்கள்தான் முதல் குற்றவாளி. சுண்ணாம்பு உள்தோலை அரிப்பதோடு, நிகோடின் சீக்கிரம் ரத்தத்தில் ஏறவும் வழி செய்கிறது. அதனால்தான் சுண்ணாம்பு சேராமல் "ஏறவில்லை" என்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை, எத்தனை வருடம், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் என்ற மூன்றும் கூடக்கூட ஆபத்து ஏறும். ராத்திரி எச்சில் சுரப்பு குறைந்திருக்கும்போது ஆறேழு மணி நேரம் ஒரே இடத்தில் அதக்கி வைத்திருப்பது எல்லாவற்றிலும் மோசம். அதோடு சாராயமோ பீடியோ சேர்ந்தால் ஆபத்து கூடுவதில்லை, பெருகுகிறது. மலைக் குளிருக்கு வாயில் ஏதாவது வேண்டியிருக்கிறது என்று சொல்வார்கள். புரிகிறது, ஆனால் அந்தக் கணக்கில் இதை ஏற்றுக்கொள்ள முடியாது.

இனி நீங்கள் கேட்ட பெரிய கேள்வி. புற்று என்றே வந்தாலும், வருடக் கணக்கு முதலில் இரண்டு அளவுகளைப் பொறுத்தது. கட்டியின் குறுக்களவு ஒன்று. அது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது இன்னொன்று. 2 சென்டிமீட்டருக்குள், அதாவது ஏறக்குறைய ஒரு ரூபாய்க் காசளவுக்குள், ஆழமும் 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் முதல் நிலை. 5 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு பொன்னி அரிசியின் நீளம். மேலே காசளவு சின்னதாகத் தெரியும் புண் கீழே இரண்டு அரிசி நீளத்துக்கு மேல் இறங்கியிருந்தால் அது நேராக மூன்றாம் நிலை அளவுக்குப் போய்விடும். எலும்பையோ வெளிக்கன்னத் தோலையோ தொட்டிருந்தால் நான்காவது. "சின்னப் புண்தானே" என்று கண்ணால் பார்த்துச் சொல்வதை நம்பக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது கழுத்து நெறி. இதைவிடப் பெரிய அளவுகோல் வேறில்லை. கழுத்துக்குப் போகாத ஆரம்ப நிலையில் முறையாகச் சிகிச்சை எடுப்பவர்களில் ஏறத்தாழ 10-க்கு 7, 8 பேர் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள். ஒரு நெறிக்குப் போய்விட்டாலே அந்த வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிறது. நெறியின் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தால் இன்னும் குறையும். இவை ஆயிரக்கணக்கானவர்களின் சராசரி. உங்கள் அப்பா எந்தப் பக்கம் என்பதை அறுவை செய்து எடுத்த சதையின் ரிப்போர்ட்தான் சொல்லும். அதில் சுற்று ஓரம் 5 மில்லிமீட்டராவது புற்றில்லாமல் சுத்தமாக இருக்கிறதா, நரம்பைச் சுற்றிப் புற்று ஓடியிருக்கிறதா என்ற இரண்டு வரிகளையும் டாக்டரிடம் விளக்கச் சொல்லுங்கள்.

வாய்ப் புற்றுக்கு முதல் சிகிச்சை அறுவைதான். கன்னத்துக் கட்டியோடு கழுத்து நெறிகளையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்பார்கள். கழுத்தில் ஒன்றும் தட்டுப்படவில்லையே, ஏன் வெட்டணும் என்று குடும்பத்தில் சண்டையே வரும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை செய்து 2015-ல் வெளியான ஆய்வு இதற்கு நேரடியாகப் பதில் சொல்லியது: ஆரம்ப நிலையிலேயே கழுத்தையும் சேர்த்துச் செய்தவர்களில் மூன்று வருடம் கழித்து 80 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். நெறி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். தேவைப்பட்டால் மார்புத் தசையையோ கால் எலும்பையோ எடுத்து வாயைச் சரிசெய்வார்கள். அறுவைக்கு முன் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் கன்னத்தைப் பலூன் ஊதுவதுபோல உப்பி வைத்துக்கொள்ளச் சொல்லலாம். அப்போதுதான் கன்னமும் ஈறும் பிரிந்து, கட்டி எதில் ஒட்டியிருக்கிறது என்று தெரியும். வீட்டிலேயே பத்து விநாடி பழகிவிட்டுப் போகட்டும்.

ரேடியேஷன் தேவைப்பட்டால் பொதுவாக 30 தடவை, வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும், நடுவில் விடக் கூடாது. இருபது கொண்டை ஊசி வளைவை தினமும் ஏறி இறங்கி, வாய் வெந்துபோன ஆளால் அதை முடிக்க முடியாது. நான்காவது வாரத்தில் நின்றுவிடுவார்கள். சேலத்தில் தங்க ஒரு சொந்தக்காரர் வீட்டை இப்போதே பேசி வையுங்கள். கெட்டுப்போன பற்களை ரேடியேஷனுக்கு முன்பே பிடுங்கி, ஆற விட வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பே செத்துப்போகும் அபாயம் இருக்கிறது. பணத்துக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும். கார்டு இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதியுங்கள். பயாப்ஸி முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே இதை முடித்துவிடலாம். முதல் பரிசோதனைக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம்.

"இனிமேல் விட்டு என்ன ஆகப்போகுது" என்று அப்பா கேட்பார். சிகிச்சைக்குப் பிறகும் புகையிலையைத் தொடர்பவருக்குப் புண் ஆறுவது தாமதமாகும், ரேடியேஷன் வேலை செய்வது குறையும், வாயின் வேறொரு மூலையில் இரண்டாவது புற்று வரும் வாய்ப்பு கூடும். முப்பத்தேழு வருடமாகச் சாறில் ஊறிய வாயில் புண் இருக்கும் இடம் மட்டும் கெட்டிருக்காது. திரும்ப வருவதில் பெரும்பகுதி முதல் இரண்டு வருடத்தில்தான். அந்தக் காலத்தில் மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னால் தவறாமல் போக வேண்டும்.

விடும்போது எல்லாரும் செய்யும் தவறு, புகையிலையை மட்டும் எடுத்துவிட்டு வெற்றிலையும் பாக்கும் தொடர்வது. பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட அறிக்கை அதை முதல் வகுப்பில், அதாவது மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில், வைத்திருக்கிறது. பாக்கும் போக வேண்டும். அப்பா காலையில் எழுந்து அரை மணிக்குள் முதல் தடவை போடுபவர் என்றால் நிகோடின் பிடி பலமாக இருக்கிறது. வாயில் புண் இருப்பதால் நிகோடின் சூயிங்கம் அவருக்குச் சரிவராது. தோலில் ஒட்டும் பட்டை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். முதல் மூன்று நாள் எரிச்சல், தூக்கமின்மை, கோபம் உச்சத்தில் இருக்கும், இரண்டு நான்கு வாரத்தில் தணியும். அந்த மூன்று நாளும் தோட்டத்துக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. 1800-11-2356 என்ற கட்டணமில்லாத எண்ணில் புகையிலையை விட உதவி செய்வார்கள்.

இப்போது தம்பி. பாக்கு இல்லாததால் வாய் இறுகாமல் இருக்கலாம். ஆனால் புற்றுக்குப் பாக்கு கட்டாயமில்லை, மெல்லும் புகையிலை தனியாகவே அதே முதல் வகுப்பில் இருக்கிறது. பட்டறையில் இரண்டு கையும் வேலையில் இருக்கும்போது பீடி பிடிக்க முடியாது, அதனால் உதட்டுக்குள் தள்ளிவிடுகிறார்கள் என்பது தெரியும். கீழுதட்டை மடித்து அவன் அதக்கும் இடத்தை ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். தோல் சுருங்கி, தண்ணீரில் ஊறிய விரல்போல வெளுத்திருக்கும். ஹான்ஸை விட்டால் அந்தத் திட்டு பெரும்பாலும் சில வாரங்களில் மறைந்துவிடும். ஆறு வாரம் கழித்து அதே வெளிச்சத்தில் இன்னொரு போட்டோ எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். அப்போதும் நின்றால் அவனுக்கும் பயாப்ஸிதான். 22 வயதில் அவன் வாய் சரியாகிவிடக்கூடியது. அப்பாவைவிட அவனுக்கு நிறைய அவகாசம் இருக்கிறது. இடம் மாற்றி மாற்றி அதக்கினால் புற்று வராது என்று பட்டறையில் யாராவது சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம். ஒரு இடத்துக்குப் பதிலாக நான்கு இடம் கெடும், அவ்வளவுதான்.

கேரளத்தில் 1996-ல் தொடங்கி, வாயைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கும் பெரிய ஆய்வு ஒன்று திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்தது. புகையிலை அல்லது மது பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்று மரணம் அதனால் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. தோட்டத்தில் அப்பாவோடு வெற்றிலை போடும் கூட்டாளிகளையும் வருடத்துக்கு ஒருமுறை இப்படிப் பார்க்கச் சொல்லலாம்.

டாக்டரிடம் போகும் அன்று காலை அப்பா வெற்றிலை போடாமல் வர வேண்டும், போட்டிருந்தால் பல் துலக்கி நன்றாகக் கொப்பளிக்க வேண்டும். சிவப்புக் கறை படிந்த வாயில் சிவப்புத் திட்டு கண்ணுக்குத் தெரியாது. பழைய மாத்திரைச் சீட்டுகளையும், புண் முதலில் தெரிந்த தேதியையும் எடுத்துப் போங்கள்.